அக்மார்க் முதல் பி.ஆர்.சி. வரை: ஒரு மஞ்சள்தூள் பாக்கெட்டின் கதை

"அவரு அக்மார்க் கோயம்புத்தூர்க்காரருங்க" என்று யாராவது சொன்னால் நமக்கு உடனே புரிந்துவிடும். அசல் ஆள், கலப்படம் இல்லை என்று அர்த்தம். 'அக்மார்க் சோம்பேறி', 'அக்மார்க் பொய்' என்றும் தாராளமாகச் சொல்கிறோம். யோசித்துப் பாருங்கள், மத்திய அரசின் தர முத்திரை ஒன்று தமிழில் பெயரடையாகவே ஆகிவிட்டது. வேறு எந்தச் சான்றிதழுக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்ததாகத் தெரியவில்லை. "அவர் ஐ.எஸ்.ஓ. 22000 நல்லவர்" என்று இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை :-)

ஆனால் இன்றைக்கு ஈரோட்டிலோ பெருந்துறையிலோ ஒருவர் மஞ்சள்தூள் அரைத்து பாக்கெட் போட ஒரு சின்ன ஆலை ஆரம்பித்தால் அவர் முன்னால் நிற்பது அக்மார்க் மட்டும் இல்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., ஹசாப், ஐ.எஸ்.ஓ. 22000, எஃப்.எஸ்.எஸ்.சி. 22000, பி.ஆர்.சி., ஐ.எஃப்.எஸ்., எஸ்.க்யூ.எஃப். என்று ஒரு படையே நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் கட்டணம், ஆடிட், ரிப்போர்ட். ஒவ்வொன்றையும் விற்க ஒரு கன்சல்டன்ட். பேங்க் லோன் போட்டு மெஷின் வாங்கியவருக்கு இதில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி விளையாட்டு இல்லை. தவறான சான்றிதழுக்குச் செலவழித்தால் பணமும் போகும், வந்த ஆர்டரும் போகும்.

வணிகவியல் படிக்கிற நாம் இதை 'காஸ்ட் வெர்சஸ் பெனிஃபிட்' என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம். ஆனால் இந்தச் சான்றிதழ்கள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால்தான் எதை எடுக்கலாம் என்பதும் புரிகிறது. காரணம், ஒவ்வொரு முத்திரையும் யாரோ ஒருவருடைய பயத்திலிருந்து பிறந்திருக்கிறது. யாருடைய பயம் என்று தெரிந்தால் அந்த முத்திரை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எந்தக் கேள்விக்கு வாயைத் திறக்காது என்பதும் தெரிந்துவிடும். வாருங்கள், ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

நெய்யும் டால்டாவும்

கதை வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்குகிறது. இந்திய விவசாயத்தை ஆராய்ந்த ராயல் கமிஷன் 1928-ல் அறிக்கை கொடுத்தது. விளைவிப்பது ஒரு பிரச்சனை என்றால் விற்பது அதைவிடப் பெரிய பிரச்சனை என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதன் தொடர்ச்சியாக 1935-ல் மத்திய அரசில் வேளாண் சந்தைப்படுத்தலுக்கென்று தனி அலுவலகம் வந்தது. லிவிங்ஸ்டன் என்பவர் அதன் ஆலோசகர். 1937-ல் வேளாண் விளைபொருள் தரம்பிரிப்பு, முத்திரையிடல் சட்டம் வந்தது. அக்மார்க் பிறந்தது அப்படித்தான். 'அக்ரிகல்சர்', 'மார்க்' இரண்டையும் ஒட்டவைத்த பெயர்.

இதில் ஒரு பொருத்தம் பாருங்கள். டால்டா சந்தைக்கு வந்ததும் அதே 1937-ல்தான். வனஸ்பதி நெய் மாதிரியே உறையும், நெய்யைவிட விலை குறைவு. நெய்யில் கலந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கும் நம்ம ஊத்துக்குளி, வெண்ணெய்க்கும் நெய்க்கும் பேர்போன ஊர். அங்கே உருக்கிய நெய்யை எங்கோ ஒரு பட்டணத்தில் வாங்குகிறவர் எதை நம்பி வாங்குவார்? பக்கத்து வீட்டு எருமைப்பால் என்றால் நேரில் பார்க்கலாம். டின்னில் அடைத்து ரயிலேறிவிட்டால்?

இதற்கு அரசு கண்டுபிடித்த ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. ருசிக்காக இல்லை, அடையாளத்துக்காக. நல்லெண்ணெய் கலந்த கொழுப்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால் சிவந்த ரோஜா நிறம் வரும். பாடோயின் சோதனை என்று பெயர். சுத்தமான நெய்யில் அந்த நிறம் வராது. திருடன் கையில் முன்கூட்டியே சாயம் பூசி வைத்த மாதிரி!

அக்மார்க் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட் போடுகிறவர் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். சரக்கை லாட் லாட்டாக ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். தேறிய லாட்டுக்கு மட்டும் வரிசை எண் போட்ட அக்மார்க் வில்லை. மஞ்சளுக்கும் விரலி, கிழங்கு என்று பிரித்துத் தரங்கள் உண்டு. ஈரோடு ஏலத்தில் வியாபாரி விரலியை உடைத்து உள்நிறம் பார்த்து விலை கேட்பார். அக்மார்க் என்பது, நேரில் வந்து உடைத்துப் பார்க்க முடியாதவருக்காக அரசு உடைத்துப் பார்த்துச் சொல்வது. அவ்வளவுதான்.

அதனால் அதன் எல்லையும் அங்கேயே இருக்கிறது. அக்மார்க் சரக்கைப் பார்க்கிறது. அரைக்கிற இடத்தில் எலி ஓடுகிறதா, வேலை செய்பவர் கை கழுவ இடம் இருக்கிறதா என்பது அதன் முதல் கவலை இல்லை. பெரும்பாலான பொருட்களுக்கு அது கட்டாயமும் இல்லை, விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்பெக்டர் வருகிறார்

அக்மார்க் விரும்பினால் வாங்குவது. விரும்பாதவரை என்ன செய்வது? அதற்குத்தான் சட்டம். சென்னை மாகாணத்தில் 1918-லேயே கலப்படத் தடைச் சட்டம் ஒன்று இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நாடு முழுவதற்கும் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-ல் இயற்றப்பட்டு, 1955 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் பயம் வேறு. இங்கே சந்தேகத்துக்குரியவர் வியாபாரி, பாதிக்கப்பட்டவர் பொதுமக்கள், நடுவில் நீதிமன்றம். உணவு ஆய்வாளர் கடைக்கு வருவார், மாதிரி எடுப்பார், மூன்று பங்காகப் பிரித்து சீல் வைப்பார், பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார். மஞ்சள்தூளில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் இருக்கிறதா, ஈய குரோமேட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் வழக்கு, அபராதம், சிறை.

இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், ரிப்போர்ட் வருவதற்குள் மீதி சரக்கு குழம்பாகி, சாப்பிட்டு, ஜீரணமும் ஆகியிருக்கும். தப்பு செய்தவரைத் தண்டிக்கலாம், தப்பை நடக்காமல் தடுக்க முடியாது. போதாக்குறைக்கு பழப்பொருட்களுக்கு 1955-ல் ஒரு ஆணை, இறைச்சிப் பொருட்களுக்கு 1973-ல் ஒரு ஆணை, பாலுக்கு 1992-ல் ஒரு ஆணை என்று ஒவ்வொரு இலாகாவும் தனித்தனியாக விதி போட்டன. ஒரே ஆலையில் ஊறுகாயும் மசாலாவும் போடுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

விண்வெளிக்குப் போன சாப்பாடு

இப்போது கொஞ்ச நேரம் அமெரிக்கா போய் வருவோம். 1959-ல் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கும் வேலை பில்ஸ்பரி என்ற மாவு கம்பெனிக்கு வந்தது. நாசாவும் அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகமும் கூட்டாளிகள். விண்கலத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்து பாருங்கள். வேண்டாம், விடுங்கள்.

சாப்பாடு நூறு சதவீதம் பாதுகாப்பானது என்று எப்படி உறுதி சொல்வது? வழக்கமான வழி, தயாரான சரக்கை எடுத்துச் சோதிப்பது. பில்ஸ்பரியின் ஹோவர்ட் பாமன் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. அந்த அளவுக்கு உறுதி வேண்டுமானால் தயாரித்ததில் பெரும்பகுதியைச் சோதனைக்கே கொடுக்க வேண்டும். வீரருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். சரக்கைச் சோதிப்பதற்குப் பதில், அதைச் செய்யும் ஒவ்வொரு படியிலும் என்ன தப்பு நடக்கலாம், எந்தப் படியில் அதைப் பிடித்தால் தப்பிக்க முடியாது என்று பார்ப்போம். இதுதான் ஹசாப். ஆபத்துகளைப் பகுத்தாய்ந்து, முக்கியமான கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கண்டுபிடித்து, அங்கே காவல் போடுவது.

1971-ல் பில்ஸ்பரியின் குழந்தை உணவிலேயே கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. விண்வெளிக்குச் செய்ததைப் பூமிக்கும் செய்தாக வேண்டிய நிலை. அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த உணவுப் பாதுகாப்பு மாநாட்டில் ஹசாப் முறை எல்லோர் முன்பும் வைக்கப்பட்டது.

நம்ம மஞ்சளுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். வேகவைப்பது, களத்தில் காயவைப்பது, பாலிஷ் போடுவது, அரைப்பது, சலிப்பது, பாக்கெட் போடுவது. களத்தில் காயும்போது பறவை எச்சம், தூசி, ஈரம். இதனால் சால்மோனெல்லா கிருமியோ பூஞ்சையோ வரலாம். பாலிஷ் போடும் இடத்தில் நிறத்துக்காகச் சாயம் சேர்க்க ஆசை வரலாம். அரவை மெஷினில் தேய்ந்த இரும்புத் துகள் விழலாம். இப்படி எழுதிப் பார்த்தால் எங்கே காந்தம் வைப்பது, எங்கே ஈரப்பதம் பார்ப்பது, நீராவியில் கிருமி நீக்குவது தேவையா என்பதெல்லாம் தானாக வந்துவிடும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆலையை முழுசாகத் தெரிந்தவர் இருந்தால் போதும்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம் (முதல் கூட்டம் 1963, ரோம்) 1993-ல் ஹசாப் வழிகாட்டுதலை ஏற்றது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது, உணவுப் பாதுகாப்புத் தகராறுகளில் கோடெக்ஸ்தான் அளவுகோல் என்று ஆனது. அதன் சூடு இந்தியாவுக்கு முதலில் பட்டது கடலோரத்தில். 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மீன், இறால் இறக்குமதிக்குத் தடை போட்டது. ஹசாப் என்ற சொல் நம் நாட்டு ஏற்றுமதியாளர்கள் வாயில் சரளமாக வர ஆரம்பித்த காலம் அது.

சூப்பர் மார்க்கெட்டின் தற்காப்பு

அடுத்த பயம் இங்கிலாந்து சூப்பர் மார்க்கெட்டுகளுடையது. அங்கே 1990-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. தப்பான உணவு விற்றதாக வழக்கு வந்தால், "நான் எடுக்க வேண்டிய எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன்" என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் பெயரிலேயே ஊறுகாய், சாஸ், மசாலா விற்பவை. தயாரிப்பது வேறு யாரோ. ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆடிட்டரை ஆலைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தது. ஒரே ஆலைக்கு இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் இன்னொருவர், ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு கேள்வித்தாள்.

இந்தக் கூத்து தாங்காமல் பிரிட்டிஷ் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 1998-ல் பொதுவான ஒரு தரநிலையை வெளியிட்டது. அதுதான் பி.ஆர்.சி. (2019 முதல் பி.ஆர்.சி.ஜி.எஸ். என்று பெயர்). ஜெர்மன் கடைக்காரர்கள் 2003-ல் ஐ.எஃப்.எஸ். கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1995-ல் பிறந்த எஸ்.க்யூ.எஃப். பின்னர் அமெரிக்க வணிகர் அமைப்பின் கைக்குப் போனது. பைத்தியமாட்டு நோயும், 1999-ல் பெல்ஜியத்தில் கோழித்தீவனத்தில் டையாக்சின் கலந்த விவகாரமும் ஐரோப்பாவை ஆட்டிவைத்த பிறகு, 2000-ல் பெரிய கடைகள் சேர்ந்து ஜி.எஃப்.எஸ்.ஐ. என்ற அமைப்பை ஏற்படுத்தின. அது தானாகச் சான்றிதழ் தராது. எந்தச் சான்றிதழை நம்பலாம் என்று ஒப்பிட்டுச் சொல்லும்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்பும் இடம் வருகிறது. 2005 செப்டம்பரில் ஐ.எஸ்.ஓ. 22000 வந்தது. உலகப் பெயர், நல்ல கட்டமைப்பு, ஹசாப் உள்ளே இருக்கிறது. ஆனால் ஜி.எஃப்.எஸ்.ஐ. அதைத் தனியாக ஏற்கவில்லை. தரை, வடிகால், பூச்சித் தடுப்பு, சீருடை போன்ற அடிப்படை ஏற்பாடுகளை அது பொதுவாகச் சொல்லிவிட்டு விவரத்தை ஆலையின் கையிலேயே விட்டுவிடுகிறது என்பதுதான் குறை. ஆகவே 2009-ல் ஐ.எஸ்.ஓ. 22000-உடன் அந்த அடிப்படை ஏற்பாடுகளுக்கான தனி ஆவணத்தையும் சில கூடுதல் நிபந்தனைகளையும் சேர்த்து எஃப்.எஸ்.எஸ்.சி. 22000 உருவானது. அதை ஜி.எஃப்.எஸ்.ஐ. ஏற்றுக்கொண்டது. பெயரில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம் மாதிரி தெரியும். லண்டனில் இருக்கிற பர்ச்சேஸ் மேனேஜருக்கு அது 'சரி', 'முடியாது' என்ற வித்தியாசம்.

மிளகாயும் எள்ளும் சொன்ன பாடம்

மசாலாக்காரர்களுக்கு உண்மையான அடி 2003-ல் விழுந்தது. அந்த ஆண்டு மே மாதம் பிரான்சில், இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொருட்களில் சூடான் சிவப்பு என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. மெழுகுக்கும் பாலிஷுக்கும் நிறம் கொடுக்கும் சாயம் அது, உணவில் சேர்க்கக் கூடாதது. ஐரோப்பிய ஒன்றியம் உடனே மிளகாய்க்குச் சோதனைச் சான்று கேட்டது. அதற்கு முன்பே போய்ச்சேர்ந்த மிளகாய்த்தூள் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் வொர்செஸ்டர் சாஸுக்குள் நுழைந்து, அந்த சாஸ் நூற்றுக்கணக்கான உணவுகளுக்குள் நுழைந்திருந்தது. 2005 பிப்ரவரியில் இங்கிலாந்தில் 400-க்கும் மேற்பட்ட பொருட்களைக் கடைகளிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. நம் நறுமணப் பொருள் வாரியம் (கொச்சியில் தலைமையகம்) மிளகாய் ஏற்றுமதிக்குக் கட்டாயச் சோதனை கொண்டுவந்தது இதன் விளைவுதான்.

இரண்டாவது பாடம் எள். ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் எள் வியாபாரம் எப்படி என்று அந்தப் பக்கத்து நண்பர்களுக்குத் தெரியும். 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக பெல்ஜியம் எச்சரிக்கை கொடுத்தது. ஐரோப்பா முழுவதும் ரொட்டி, பிஸ்கெட் என்று திரும்பப் பெற்றார்கள். கிருமியைக் கொல்லத்தான் இந்த வாயு. அமெரிக்காவில் எள்ளிலும் மசாலாவிலும் 7 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. ஐரோப்பாவில் எள்ளுக்கு எல்லை 0.05. அதாவது 140-ல் ஒரு பங்கு! ஒரே மூட்டை எள், ஒரு துறைமுகத்தில் 'நல்ல சரக்கு', இன்னொரு துறைமுகத்தில் 'நஞ்சு'. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாக்களை நிறுத்தியதும் இதே வாயுவுக்காகத்தான்.

சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை முடிவு செய்யாமல் 'நல்ல சான்றிதழ் எது' என்று கேட்பதில் அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பதினான்கு இலக்க எண்

இதற்கிடையே இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2006-ல் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்து, 1954 சட்டத்தையும் மற்ற ஆணைகளையும் விழுங்கியது. இப்போது எந்த உணவுப் பாக்கெட்டிலும் நீங்கள் பார்க்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இதன் குழந்தை. தொழிலின் அளவைப் பொறுத்து பதிவோ, மாநில உரிமமோ, மத்திய உரிமமோ வாங்க வேண்டும். உரிம விதிகளின் 4-வது அட்டவணையில் தரை முதல் தண்ணீர் வரை சுகாதார நிபந்தனைகள் இருக்கின்றன. ஹசாப் சிந்தனை அதற்குள்ளும் வந்துவிட்டது.

நம் வகுப்பு மொழியில் சொன்னால் இது ஜி.எஸ்.டி. எண் மாதிரி. இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. ஆனால் ஜி.எஸ்.டி. எண் இருப்பதால் கம்பெனி லாபத்தில் ஓடுகிறது என்று ஆகுமா? அதேபோல இந்த எண் வியாபாரம் செய்ய அனுமதி. 'உயர்ந்த தரம்' என்ற பட்டம் கிடையாது. "எங்களிடம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்று இருக்கிறது" என்று விளம்பரத்தில் பெருமையடிப்பவர்களைப் பார்த்தால் "லைசென்ஸ் இருக்கு, அதனால நான் நல்லா வண்டி ஓட்டுவேன்" என்பது போலத்தான் இருக்கிறது.

2009 ஜனவரி

ஒரு மாதத்தில் இரண்டு செய்திகள். நம் நாட்டில் சத்யம் கம்பெனியின் கணக்கு பொய் என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அந்தக் கம்பெனி நல்ல நிர்வாகத்துக்கான தங்க மயில் விருது வாங்கியிருந்தது. நமக்கு ஆடிட்டிங் பாடத்தில் இது அடிக்கடி வரும்.

அதே மாதம் அமெரிக்காவில் பீனட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தின் நிலக்கடலை வெண்ணெயில் சால்மோனெல்லா இருப்பது வெளியானது. 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். அந்த ஆலைக்கு முந்தைய ஆண்டு வெளி ஆடிட்டர் கொடுத்த மதிப்பு 'மிகச் சிறப்பு'. ஆடிட் கட்டணத்தைக் கொடுத்தது அந்த ஆலைதான். ஆனால் நெஸ்லே தன் சொந்த ஆட்களை அனுப்பிப் பார்த்து, 2002-லும் 2006-லும் அந்த நிறுவனத்தின் ஆலைகளை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தது. உரிமையாளருக்கு 2015-ல் 28 ஆண்டு சிறை கிடைத்தது.

சம்பளம் கொடுப்பவரையே தணிக்கை செய்வதில் உள்ள சிக்கல் கணக்குப் புத்தகத்துக்கும் கடலைக்கும் ஒன்றுதான். இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் சொல்லாமல் வரும் ஆடிட்டுக்கு முக்கியத்துவம் கூடியது. பி.ஆர்.சி.யிலும் எஃப்.எஸ்.எஸ்.சி.யிலும் மூன்று ஆண்டுச் சுற்றில் ஒரு முறையாவது ஆடிட்டர் முன்னறிவிப்பின்றி வர வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணம் நம் மஞ்சளிலேயே இருக்கிறது. வங்கதேசத்தில் 1980-களில் வெள்ளத்துக்குப் பிறகு நிறம் மங்கிய மஞ்சளுக்கு ஈய குரோமேட் பூசும் பழக்கம் வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2019-ல் ஆய்வாளர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். அரசு சந்தையில் சோதனை நடத்தியது, அபராதம் போட்டது, நாடு முழுவதும் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டியது. சந்தை மாதிரிகளில் 2019-ல் 47 சதவீதம் ஈயம் கலந்தவையாக இருந்தன. 2021-ல் பூஜ்யம். எந்தச் சர்வதேச முத்திரையும் இதைச் செய்யவில்லை. சட்டத்தை உண்மையாக நடத்தியதுதான் செய்தது.

அப்படியானால் எதை எடுப்பது?

நம் பெருந்துறைக்காரரிடம் திரும்பி வருவோம். வரலாற்றைப் பார்த்துவிட்டால் பதில் ஓரளவு தானாகவே வந்துவிடுகிறது.

1. கோவை, திருப்பூர், சேலம் மளிகைக் கடைகளுக்கு மட்டும் விற்கிறார் என்றால்: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் கட்டாயம். 4-வது அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றினாலே பாதி வேலை முடிந்தது. கூடவே அக்மார்க். வீட்டுக்கு வாங்குகிற அம்மாவுக்குப் புரிகிற முத்திரை அது ஒன்றுதான். இவருக்கு பி.ஆர்.சி. எடுத்துக் கொடுப்பது, சைக்கிளுக்கு ஏ.சி. மாட்டுவது.

2. பெரிய மசாலா கம்பெனிக்கோ ஓட்டல் குழுமத்துக்கோ மொத்தமாகக் கொடுக்கிறார் என்றால்: ஐ.எஸ்.ஓ. 22000 நல்ல ஆரம்பம். பின்னால் எஃப்.எஸ்.எஸ்.சி.க்குப் போக வேண்டி வந்தால் இதன் மேலேயே கட்டலாம், இடித்துக் கட்ட வேண்டியதில்லை.

3. வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்றால்: முதலில் நறுமணப் பொருள் வாரியத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு. இங்கிலாந்து சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயர்ப் பாக்கெட் என்றால் பி.ஆர்.சி. ஜெர்மனி, பிரான்ஸ் கடைகள் என்றால் ஐ.எஃப்.எஸ். அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்றால் பெரும்பாலும் எஸ்.க்யூ.எஃப். பன்னாட்டு உணவுக் கம்பெனிகளுக்கு மூலப்பொருள் கொடுப்பது என்றால் எஃப்.எஸ்.எஸ்.சி. பெரும்பாலும் செல்லும். ஆனால் இவற்றில் எதுவும் அந்த நாட்டுச் சட்டத்துக்குப் பதிலி ஆகாது. எத்திலீன் ஆக்சைடு கதையை மறக்க வேண்டாம்.

எந்த வகை என்றாலும் பணம் கட்டும் முன் இரண்டு காரியம். ஒன்று, வாங்குபவரிடம் "உங்களுக்கு எந்தச் சான்றிதழ், எந்தப் பதிப்பு வேண்டும்" என்று எழுத்தில் கேட்டு வாங்குவது. கன்சல்டன்ட் சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு, சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்துக்கு யார் அங்கீகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஐ.எஸ்.ஓ. வகைக்கு இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் உள்ள என்.ஏ.பி.சி.பி. போன்ற அங்கீகாரம் இருக்க வேண்டும். ஆலைப் பக்கமே வராமல் மூன்று நாளில் கூரியரில் வரும் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

செலவுக் கணக்கிலும் ஒன்று கவனிக்க வேண்டும். நாம் சான்றிதழ் கட்டணத்தைத்தான் முதலில் பார்ப்போம். உண்மையான செலவு தரை, வடிகால், வலை, மெட்டல் டிடெக்டர், ஆய்வகச் சோதனை, ஆட்களுக்குப் பயிற்சி ஆகியவற்றில் இருக்கிறது. நல்ல சேதி என்னவென்றால், எந்த முத்திரையை எடுத்தாலும் இந்தச் செலவில் பெரும்பகுதி பொதுவானது. ஆக, முத்திரையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஆலையைச் சரி செய்ய ஆரம்பித்தால் அந்தப் பணம் வீணாகாது. ஹசாப் அட்டவணையை ஒரு நாலு பக்க நோட்டில் இன்றைக்கே எழுத ஆரம்பிக்கலாம், அதற்கு எந்த ஆடிட்டரும் கட்டணம் கேட்கப் போவதில்லை.

நண்பர்களில் பலர் வீட்டில் எண்ணெய்ச் செக்கு, மசாலா, தேங்காய், ஜவ்வரிசி என்று ஏதோ ஒரு தொழில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் "நீ பி.காம்.தானே, இந்தச் சர்டிபிகேட் வேலையெல்லாம் பாரு" என்று ஃபைலைக் கையில் கொடுப்பார்கள். அப்போது முதலில் அந்தச் சரக்கை யார் சாப்பிடப் போகிறார்கள், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று விசாரியுங்கள். சான்றிதழின் பெயரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.